நிர்வாகச் சட்டச் சீர்திருத்தம்: அரசு அலுவலக ஆணைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிர்வாகச் சட்டம் என்பது எது?

ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, கட்டட அனுமதி, கடை உரிமம், அரசு ஊழியரின் பணியிடை நீக்கம் என்று அரசின் அதிகாரம் ஒருவரின் உரிமையையோ பிழைப்பையோ தொடும் இடங்கள் பல. அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது, எந்த எல்லைக்குள் நிற்க வேண்டும், எந்த முறையில் செலுத்தப்பட வேண்டும், தவறினால் யாரிடம் முறையிடலாம் என்பவற்றை வகுப்பதே நிர்வாகச் சட்டம். குற்றவியல் நீதிமன்றத்தின் வாசலை வாழ்நாளில் மிதிக்காதவர்கள் ஏராளம். வட்டாட்சியர் அலுவலகத்தின் படியேறாதவர் அரிது. ஆயினும் சட்டச் சீர்திருத்தம் என்றால் குற்றவியல் சட்டங்களைப் பற்றியே பேசுகிறோம்.

இந்தியாவில் இதற்கென ஒரே சட்டம் இருக்கிறதா?

இல்லை. அமெரிக்கா 1946-இலும், மேற்கு ஜெர்மனி 1976-இலும், தென்னாப்பிரிக்கா 2000-இலும் நிர்வாக நடைமுறைக்கெனப் பொதுச் சட்டம் இயற்றின. இந்தியாவில் அரசமைப்புச் சட்டத்தின் 14 (சமத்துவம்), 21 (உயிர், தனிமனித சுதந்திரம்), 226 (உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம்) ஆகிய உறுப்புகள், அந்தந்தத் துறைச் சட்டங்கள், உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் வழங்கிய தீர்ப்புகள் ஆகியவற்றைச் சேர்த்தே இச்சட்டத்தை அறிய வேண்டியிருக்கிறது. தீர்ப்புகள் பல உயர்ந்தவை. ஆனால் அவை வழக்கறிஞரின் அலமாரியில் இருக்கின்றன. கோப்பைக் கையாளும் பிரிவு எழுத்தரின் மேசையில் இருப்பது அரசாணையும் சுற்றறிக்கையும்தான். நீதிமன்றம் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவருவது அந்த மேசையைச் சென்றடையாததே நம் நிர்வாகச் சட்டத்தின் தலையாய குறை என்பது இப்பக்கத்தை எழுதுபவரின் கருத்து.

ஒரு மனுவை நிராகரிக்கும் அதிகாரி காரணம் கூறியே ஆக வேண்டுமா?

ஆம். மேனகா காந்தியின் கடவுச்சீட்டை 1977-இல் முடக்கிய மத்திய அரசு, பொதுநலன் கருதி முடக்கியதாக மட்டும் கூறிவிட்டுக் காரணங்களைத் தர மறுத்தது. அந்த வழக்கில் 1978-இல் வந்த தீர்ப்பு, ஒருவரின் உரிமையைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருக்க வேண்டும் என்று நிலைநாட்டியது. ஏறத்தாழ அதே காலத்தில் மொகிந்தர் சிங் கில் வழக்கில், ஆணையில் இல்லாத காரணங்களைப் பின்னால் நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் மூலம் சேர்த்துக்கொள்ள முடியாது என்று கூறப்பட்டது. நாளாக ஆகச் சுவை கூடுவதற்கு ஆணைகள் பழைய மது அல்ல என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் அதில் எழுதினார். 1990-இல் எஸ்.என். முகர்ஜி வழக்கும், 2010-இல் கிராந்தி அசோசியேட்ஸ் வழக்கும் காரணம் கூறும் கடமையை மேலும் உறுதிப்படுத்தின.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4(1)(டி) பிரிவு, நிர்வாக முடிவுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டவருக்கு அரசு அலுவலகம் தானாகவே தெரிவிக்க வேண்டும் என்கிறது. இதற்காக யாரும் மனுப்போட வேண்டியதில்லை. சட்டப் புத்தகத்தில் ஏறி இருபது ஆண்டுகளாகியும் இப்பிரிவு பெரும்பாலான அலுவலகங்களில் செயலுக்கு வரவில்லை.

காரணம் கூறும் ஆணை எப்படி இருக்கும்?

பட்டா மாறுதலையே எடுத்துக்கொள்வோம். "பார்வையில் காணும் மனு பரிசீலிக்கப்பட்டது. ஆவணங்கள் சரியாக இல்லாததால் நிராகரிக்கப்படுகிறது" என்று முடியும் ஆணை, காரணம் கூறுவதுபோல் தோன்றினாலும் எதையும் கூறவில்லை. எந்த ஆவணம், அதில் என்ன குறை, எதைக் கொடுத்தால் சரியாகும் என்பவை மனுதாரருக்குத் தெரியாது. அவர் மீண்டும் அதே ஆவணங்களை இணைத்து விண்ணப்பிப்பார், அல்லது அலுவலக வாசலில் நிற்கும் இடைத்தரகரிடம் கேட்பார். ஆணை சொல்லாமல் விட்டதைச் சொல்லித்தான் இடைத்தரகர் பிழைக்கிறார்.

அதே கோப்பில் இப்படியும் எழுதலாம்: "முன் உரிமையாளரின் வாரிசுகள் மூவரில் இருவரே கிரயப் பத்திரத்தில் கையொப்பமிட்டுள்ளனர். மூன்றாமவரின் பங்கு குறித்து விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ இணைக்கப்படவில்லை. வில்லங்கச் சான்றிலும் அத்தகைய பதிவு இல்லை. எனவே முழுப் பரப்புக்கும் பட்டா மாற்ற இயலவில்லை. இந்த ஆணையை எதிர்த்து வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்." ஐந்து வாக்கியங்கள்தான். மனுதாரர் அடுத்து செய்ய வேண்டியதை அறிகிறார். தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம், 1983-இன் கீழ் மேல்முறையீட்டைக் கேட்கும் கோட்டாட்சியருக்கும், அதன்பின் சீராய்வு மனுவைப் பார்க்கும் மாவட்ட வருவாய் அலுவலருக்கும் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது தெரிகிறது. காரணம் எழுத உட்காரும்போதுதான் தன்னிடம் காரணம் இல்லை என்பது சில நேரங்களில் அதிகாரிக்கே தெரியவரும் என்பது கூடுதல் பயன்.

பதிலே வராவிட்டால் என்ன செய்வது?

நிராகரிப்பைவிட மௌனம் கொடியது. நிராகரித்தால் மேல்முறையீடு உண்டு. மௌனத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யப் பெரும்பாலான சட்டங்களில் வழி இல்லை. அதனால்தான் உயர் நீதிமன்றங்களில் "என் மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிட வேண்டும்" என்று கோரும் ரிட் மனுக்கள் (அரசின் செயலையோ செயலின்மையையோ எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகத் தொடுக்கும் மனுக்கள்) குவிகின்றன. நீதிமன்றமும் கோரிக்கையின் தகுதிக்குள் செல்லாமல், குறிப்பிட்ட வாரங்களுக்குள் முடிவெடுக்குமாறு உத்தரவிட்டு வழக்கை முடித்துவைக்கிறது. வழக்கறிஞர் கட்டணம், மாதக்கணக்கான காத்திருப்பு, கடைசியில் கையில் கிடைப்பது மனுவைப் படிக்கச் சொல்லும் ஓர் உத்தரவு. அதையும் மதிக்காவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு மனு தாக்கல் செய்ய வேண்டும். அந்த நோட்டீஸ் வந்த பிறகே கோப்பு நகர்ந்த கதைகளை எந்த வழக்கறிஞரிடமும் கேட்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழ்நாட்டுப் புவியியல் மற்றும் சுரங்கத் துறையில் 1982-இல் பணியிழந்த ஒருவர், ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழித்துக் கோரிக்கை மனுக் கொடுத்தார். அதைப் பரிசீலிக்குமாறு அரசு ஊழியர் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அந்தப் பரிசீலனையையே புதிய வழக்குக் காரணமாக்கி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சி. ஜேக்கப் வழக்கு எனப்படும் இதில், 2008-இல் உச்ச நீதிமன்றம், "பரிசீலிக்கவும்" என்று இயந்திரத்தனமாக உத்தரவிடுவது செத்துப்போன கோரிக்கைகளுக்கு உயிர் கொடுத்துவிடுகிறது என்று எச்சரித்தது. உரிய காலத்தில் உரிய பதில் தரும் கடமை தெளிவாக இருந்தால், உண்மையான மனுதாரர் நீதிமன்றம் போக வேண்டியிராது. காலம் கடந்தவருக்கும் இந்தக் குறுக்கு வழி இராது.

சேவை உரிமைச் சட்டங்கள் இதைத் தீர்க்கவில்லையா?

ஓரளவுக்குத் தீர்த்தன. அரசுச் சேவைகளைக் குறித்த காலத்துக்குள் பெறும் உரிமையைத் தருபவை இச்சட்டங்கள். மத்தியப் பிரதேசம் 2010-இல் நாட்டிலேயே முதன்முதலாக இத்தகைய சட்டத்தை இயற்றியது. அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு சேவைக்கும் பொறுப்பு அலுவலர், காலக்கெடு, முதல் மற்றும் இரண்டாம் மேல்முறையீட்டு அலுவலர்கள் ஆகியோர் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டனர். தாமதத்துக்கு நாளொன்றுக்கு ரூ. 250 வீதம் அதிகபட்சம் ரூ. 5,000 வரை அதிகாரியிடம் அபராதம் வசூலிக்கலாம் என்றும் வகுக்கப்பட்டது. பீகார் 2011-இல் இதேபோன்ற சட்டத்தையும், 2015-இல் குறைகளை 60 வேலை நாட்களுக்குள் நேரில் விசாரித்து முடிவு செய்யும் தனிச் சட்டத்தையும் கொண்டுவந்தது. மத்திய அளவில் 2011 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான மசோதா, 2014-இல் அவை கலைந்தபோது காலாவதியானது. தமிழ்நாட்டிலும் இத்தகைய சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக எழுப்பப்பட்டு வருகிறது.

குறை எங்கே என்றால், இச்சட்டங்கள் நாட்களை எண்ணுகின்றனவே தவிர முடிவின் தரத்தை எடைபோடுவதில்லை. முப்பதாம் நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்றால் இருபத்தொன்பதாம் நாளில் நிராகரித்துவிடுவது எளிது. இணையதளத்தில் "முடிவு செய்யப்பட்டது" என்று பச்சை நிறம் காட்டும். மனுதாரரின் வேலை முடிந்திருக்காது. குறைதீர் மனுக்களிலும் இதே நோய் உண்டு: எந்த அதிகாரியைப் பற்றிப் புகாரோ அவரிடமே மனு "மேல் நடவடிக்கைக்காக" அனுப்பப்படுகிறது, அவர் தரும் விளக்கமே பதிலாகத் திரும்புகிறது. எனவே காலக்கெடுவையும் காரணம் கூறும் கடமையையும் பிரித்து வைக்கும் எந்தச் சட்டமும் பாதிச் சட்டமே.

அப்படியென்றால் புதிய சட்டத்தில் என்ன இருக்க வேண்டும்?

தென்னாப்பிரிக்கச் சட்டத்திலிருந்து ஒன்றைக் கற்கலாம். ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவர் 90 நாட்களுக்குள் காரணங்களைக் கேட்டால், நிர்வாகம் 90 நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால், மாறாக நிரூபிக்கப்படும் வரை, தக்க காரணமின்றி அம்முடிவு எடுக்கப்பட்டதாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். முடிவெடுக்காமல் இருப்பதையும் அங்கே வழக்காக எடுத்துச் செல்லலாம். ஆஸ்திரேலியாவின் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் இதைவிடக் கறாரானது. காரணங்களை 28 நாட்களுக்குள் தரச் சொல்கிறது.

இந்த அனுமானம்தான் சீர்திருத்தத்தின் மையம் என்று கருதுகிறோம். இப்போது மௌனத்தின் செலவு முழுவதும் மனுதாரரின் தலையில் விழுகிறது. அனுமானம் அந்தச் செலவை அலுவலகத்தின் பக்கம் திருப்புகிறது. காலக்கெடு கடந்தால் மனு நிராகரிக்கப்பட்டதாகக் கொண்டு உடனே மேல்முறையீடு செய்யும் உரிமை, நிராகரிப்பு ஆணை ஒவ்வொன்றிலும் மேல்முறையீட்டு அதிகாரியின் பதவியும் கால அளவும் அச்சிடப்படுதல், மேல்முறையீட்டைக் கேட்பவர் முதல் முடிவில் பங்குகொள்ளாதவராக இருத்தல் ஆகியவை இதனுடன் சேர வேண்டும். கடைசியாகச் சொன்னது புதிய எண்ணமல்ல. ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப் பணிக்கான தேர்வுக் குழுவில், தானே விண்ணப்பதாரராக இருந்த ஓர் அதிகாரி உறுப்பினராக அமர்ந்தார். தன் பெயர் வந்தபோது மட்டும் விலகியிருந்தார். அது போதாது என்று கூறி 1969-இல் கிரைபாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தேர்வையே ரத்து செய்தது.

தவறு செய்த அதிகாரியின் சம்பளத்திலிருந்தே இழப்பீடு வசூலிக்கலாமா?

லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில், 1993-இல், அதிகாரிகளின் முறைகேட்டுக்கான இழப்பீட்டை மக்களின் வரிப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டு நின்றுவிடக் கூடாது, பொறுப்பான அதிகாரிகளிடமிருந்து அதை வசூலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கொள்கையளவில் மறுக்க முடியாதது. நடைமுறையில் அரிதாகவே நிகழ்வது.

ஆனால் இதில் எச்சரிக்கை தேவை. கையெழுத்திடுவதற்குக் கீழ்நிலை அதிகாரி அஞ்சுவதற்கு ஏற்கெனவே காரணங்கள் உண்டு: தணிக்கை ஆட்சேபணை, லஞ்ச ஒழிப்புத் துறை, அரசு ஊழியர் மீது கடும் ஒழுங்கு நடவடிக்கையைத் தொடங்கும் 17(பி) குற்றக் குறிப்பாணை. அனுமதித்தால் கேள்வி வரும், நிராகரித்தால் வராது என்ற நிலையில் அஞ்சுகிறவர் நிராகரிப்பார், அல்லது மேலிடத்துக்கு அனுப்பித் "தெளிவுரை" கேட்பார். ஆகவே தனிப்பட்ட அபராதம் தீய நோக்கம், அப்பட்டமான அலட்சியம் ஆகியவற்றோடு நிற்க வேண்டும். காரணத்தை எழுதி நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு பின்னால் தவறென்று தெரிந்தாலும், எழுதியவருக்குப் பாதுகாப்பு கிடைக்க வேண்டும். காரணம் எழுதாதவருக்கு அந்தப் பாதுகாப்பு கூடாது.

வீடுகளை இடிப்பது குறித்த 2024-ஆம் ஆண்டுத் தீர்ப்பு எதை மாற்றியது?

13 நவம்பர் 2024 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய அத்தீர்ப்பு, நாம் இதுவரை பேசிய அனைத்தையும் ஒரே இடத்தில் நடைமுறை விதியாக்கியது. இடிப்பதற்கு முன் பதிவஞ்சலில் நோட்டீஸ், பதில் தரக் குறைந்தது 15 நாட்கள், நேரில் விசாரணை, காரணத்துடன் இறுதி ஆணை, அதன் பின்னும் 15 நாட்கள் அவகாசம் ஆகியவை கட்டாயம். கட்டடத்தின் ஒரு பகுதியை முறைப்படுத்த முடியுமா, இடிப்பு ஒன்றே வழி என்றால் ஏன் என்பதையும் ஆணையில் எழுத வேண்டும். மீறும் அதிகாரி தன் சொந்தச் செலவில் கட்டடத்தை மீட்டுத் தருவதற்கும் இழப்பீட்டுக்கும் பொறுப்பாவார். சாலை, நடைபாதை, இருப்புப்பாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளுக்கு இது பொருந்தாது.

இத்தீர்ப்பில் ஒரு சிறு ஏற்பாடு தனிக் கவனத்துக்குரியது. நோட்டீஸ் அனுப்பியதுமே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும்; அங்கிருந்து தானியங்கி ஒப்புகை வர வேண்டும். நோட்டீஸில் பின்தேதி இடுவதைத் தடுக்கவே இது. அலுவலக நடைமுறையின் உள்ளும் புறமும் அறிந்தவர்கள் எழுதிய விதி என்பது இதில் தெரிகிறது. நிர்வாகச் சட்டத்தில் பெரும் கொள்கைகளைவிட இத்தகைய சிறு பூட்டுகளே அதிகம் காக்கின்றன.

தீர்ப்பாயங்களை அமைத்தால் வழக்குகள் குறையாதா?

1976-இல் அரசமைப்புச் சட்டத்தின் நாற்பத்திரண்டாம் திருத்தம் சேர்த்த, தீர்ப்பாயங்கள் அமைக்க வழிசெய்யும் 323அ, 323ஆ உறுப்புகள் அந்த நம்பிக்கையில் பிறந்தவை. அரசு ஊழியர் வழக்குகளுக்கென 1988-இல் தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயம் ஏற்படுத்தப்பட்டது, 1997-இல் எல். சந்திரகுமார் வழக்கில் தீர்ப்பாய முடிவுகளை உயர் நீதிமன்ற அமர்வு சீராயலாம் என்று தீர்ப்பானது. 2006-இல் அத்தீர்ப்பாயம் கலைக்கப்பட்டு வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்கே திரும்பின. அரசே பெரிய வழக்காடியாக இருக்கும் இடத்தில், தீர்ப்பாய உறுப்பினரின் நியமனம், பதவிக்காலம், சம்பளம் ஆகியவை அரசின் கையில் இருக்கலாமா என்பதே மூலக் கேள்வி. சென்னை வழக்கறிஞர்கள் சங்கம் தொடுத்த வழக்குகளில் 2010 முதல் உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது. நான்காண்டுப் பதவிக்காலத்தை 2021-இல் ரத்து செய்தது. தீர்ப்பாயம் சுதந்திரமாக இல்லாவிட்டால் அது இன்னொரு துறை அலுவலகம்தான்.

லோக்பால், லோக் ஆயுக்தா போதாதா?

முதல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1966-இல் பரிந்துரைத்த லோக்பால், 2013-இல் சட்டமாகி, 2019 மார்ச்சில்தான் தன் முதல் தலைவரைப் பெற்றது. தமிழ்நாடு லோக் ஆயுக்தா சட்டம் 2018-இல் வந்தது. இவை ஊழலை விசாரிக்கும் அமைப்புகள். கையூட்டு ஏதும் வாங்காமல், வெறும் அசட்டையால் ஒரு விதவையின் உதவித்தொகையை ஓராண்டு நிறுத்தி வைத்த அதிகாரி இவற்றின் வலையில் சிக்கமாட்டார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இப்போது எந்த நிலையில் உள்ளது?

மத்தியச் சட்டத்துக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997-இல், தமிழ்நாடு இத்தகைய சட்டத்தை முதன்முதலாக இயற்றியது. விதிவிலக்குகள் மிகுந்த சட்டம் அது என்றாலும் முன்னோடிதான். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பலம், தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு ரூ. 250 வீதம் ரூ. 25,000 வரை விதிக்கப்படும் அபராதம். அதன் பலவீனம், காலியாகக் கிடக்கும் ஆணையர் பணியிடங்களும் தேங்கும் இரண்டாம் மேல்முறையீடுகளும். 2019-இல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசே வகுக்கும்படி திருத்தப்பட்டது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவல் தொடர்பான 8(1)(ஜே) விலக்கை அகலமாக்கிவிட்டது.

முடிவைக் கணினியே எடுத்தால் யாரைக் கேட்பது?

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பார்ப்போம். உதவித்தொகை பெற்றவர்களின் ஆண்டு வருமானத்தை வரித்துறைத் தரவிலிருந்து எடுத்து, இரண்டு வாரக் கணக்குகளாகச் சமமாகப் பங்கிட்டு, அதிகம் பெற்றுவிட்டீர்கள் என்று கடன் நோட்டீஸ்களை ஒரு தானியங்கித் திட்டம் அனுப்பியது. சில மாதங்கள் மட்டும் வேலை செய்தவருக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? பொருந்தாது என்று நிரூபிக்கும் சுமையும் அவர் மேலேயே விழுந்தது. இது சட்டப்படி செல்லாது என்று 2017-லேயே தீர்ப்பாய முடிவுகள் வந்தன. அந்த முடிவுகள் வெளியிடப்படுவதில்லை, துறையும் மேல்முறையீடு செய்யவில்லை, திட்டமும் நிற்கவில்லை. 2019 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்ட பிறகே அது சரிந்தது. 2023-இல் விசாரணை ஆணையம் கடுமையான அறிக்கை அளித்தது. பயனாளிப் பட்டியலிலிருந்து கணினி பெயரை நீக்கினாலும், பெயர் சொல்லக்கூடிய ஓர் அதிகாரி காரணத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதும், தீர்ப்பாய முடிவுகள் வெளியிடப்பட வேண்டும் என்பதும் இதிலிருந்து நேராகக் கிடைக்கும் விதிகள்.

ஒவ்வொரு மனுவுக்கும் காரணம் எழுதினால் வேலை தேங்காதா?

தேங்கும், இன்றிருக்கும் ஆள்பலத்தோடு. ஒரு கிராம நிர்வாக அலுவலர் இரண்டு மூன்று கிராமங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கும் இடத்தில் சட்டம் மட்டும் அதிசயம் செய்யாது. ஆனால் அனுமதியே தேவையில்லாத இடங்களில் அனுமதியை விலக்கிவிட்டால் நேரம் மிஞ்சும். 2024-இல் தமிழ்நாடு 2,500 சதுர அடி வரையிலான மனைகளில் சிறு வீடுகளுக்குச் சுயசான்று முறையைக் கொண்டுவந்தது அந்த வழிதான். மேலும், அரைகுறை ஆணை ஒரே மனுவை நான்கு முறை திரும்பி வரச் செய்கிறது. அந்த நான்கையும் பதிவேட்டில் ஏற்றுகிற நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புதிய சட்டம் வரும்வரை பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம்?

மனுவை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகையையோ இணைய விண்ணப்ப எண்ணையோ பெற்றுக்கொள்ளுங்கள். காரணமற்ற நிராகரிப்பு வந்தால் 4(1)(டி) பிரிவைச் சுட்டி, காரணங்களைத் தருமாறு அதே அதிகாரிக்கு எழுதுங்கள். அதனுடன் பொதுத் தகவல் அலுவலரிடம், பத்து ரூபாய் கட்டணத்தில், உங்கள் மனு தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்களையும் நடப்புக் கோப்பையும் நகலெடுத்துத் தருமாறு கேளுங்கள். யாருடைய மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பது அதில் தெரிந்துவிடும். 30 நாட்களில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மூத்த அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் இந்தக் கடிதப் போக்குவரத்து மூல ஆணைக்கான மேல்முறையீட்டுக் காலத்தை நிறுத்தி வைக்காது. காரணம் வரட்டும் என்று காத்திராமல், காரணம் தரப்படவில்லை என்பதையே முதல் காரணமாகக் காட்டி அந்த மேல்முறையீட்டை உரிய தேதிக்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.